பின்சீட்டின் இடது பக்கம்

நிற்கிற வண்டிதான் அதிகம் சாப்பிடும் என்று என் கணவர் கரீமுல்லா சொல்வார். ஓடுகிற வண்டி சாப்பிட்டதற்கு ஈடாக ஊரைச் சுற்றிக் காட்டிவிடும். நிற்கிற வண்டி ஒன்றும் காட்டாது, உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும். ரங்கூனுக்குக் கப்பலேறும் முன் அவர் என் பொறுப்பில் விட்டுப் போனது அந்த வண்டியைத்தான்.

அது என் மாமனார் வாங்கிய எலெக்ட்ரிக் கார். தோல் வியாபாரத்தில் நல்ல காலமாக இருந்தபோது, வீட்டுப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் கோஷாவாகப் போய்வர வாங்கினார். புகை கிடையாது, சத்தம் கிடையாது, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டியதில்லை. சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடிக்கு உள்ளே கனத்த பச்சைத் திரை. உட்கார்ந்தால் ஒரு சிறிய அறைக்குள் இருப்பது போலிருக்கும். ஓட்டுகிறவருக்கு இடம் பின்சீட்டில், இடது ஓரத்தில். சக்கரத்துக்குப் பதில் ஒரு நீண்ட கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு அவர் எங்களோடு பேசியபடியே ஓட்டுவார். அடையாற்றில் எங்கள் வண்டியை ஊமை வண்டி என்றுதான் சொல்வார்கள்.

பாட்டரி என்றால் ஒன்றல்ல. முன்மூடிக்குள் கொஞ்சம், பின்மூடிக்குள் கொஞ்சமாகக் கண்ணாடி ஜாடி போன்ற செல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சினால் குழாய்க்குள் இருக்கும் மிதவை எழும். மிதவை உயரத்தில் நின்றால் செல்லுக்கு வயிறு நிறைந்திருக்கிறது. தாழ்ந்தால் பசி. இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு ஐப்பசியில் அவர் புறப்பட்டார். துறைமுகத்துக்குத் தன் தம்பி இனாயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போனார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன.

மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மாசி, பங்குனிக்குள் பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தும் ரயிலேறியும் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் சென்னை ஜனங்கள் சென்னையை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த குண்டு இங்கேதான் என்று பேச்சு. எங்கள் தெருவில் பங்களாக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. கட்டிப்போட ஆளில்லாத நாய்கள் பகலெல்லாம் கேட்டுக்கு முன்னால் படுத்துக் கிடந்தன. ஜட்கா வண்டிகள் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனவை அந்தப் பக்கமே தங்கிவிட்டன. பஸ் வந்தால் உண்டு.

நானும் மாமியாரும் இனாயத்தும் போகவில்லை. ரயிலில் ஏற்றினால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டாள். வலி கண்டதும் குலுக்கல் இல்லாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்றாள். ஆக, பெட்ரோல் கேட்காத அந்த வண்டிதான் எங்களுக்கு மிச்சம்.

அதிலும் ஒரு சங்கடம் வந்தது. ஷெட்டின் சுவரில் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் பலாப்பழம் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவை. சார்ஜ் ஏறும்போது அதற்குள் பாதரசம் ஊதா நிறத்தில் துடிக்கும். அந்தக் குடுவை மாசிக் கடைசியில் விரிசல் விட்டு அணைந்துபோனது. அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய சாமான், யுத்தத்தில் எங்கே வரும். மவுண்ட் ரோட்டில் பாட்டரிக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன என்று இனாயத் வந்து சொன்னான். அன்றைக்கு செல்களில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். பிள்ளை பிறக்கும் வரை அதைக் கொட்டாமல் காப்பாற்ற வேண்டும்.

நானும் இனாயத்தும் காப்பாற்றினோம். மோட்டாருக்குப் போகிற பெரிய பிளக்கைப் பிடுங்கி ஆணியில் மாட்டினோம். செல்களின் தலையில் ஈரம் படிந்தால் அந்த ஈரத்தின் வழியாகவே கரண்ட் கசியும் என்று அவர் சொல்லியிருந்தார். சோடா உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, முனைகளுக்கு வாசலின் தடவினேன். உஷ்ணம் ஏறாமல் ஷெட்டின் ஓட்டின் மேல் நனைத்த சாக்கு போட்டோம். மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் செல்களுக்கு ஊற்றினேன். இருட்டடிப்புக்காக ஷெட் ஜன்னலுக்குக் கறுப்பு மை பூசியிருந்ததால் பகலிலும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். காலையில் கதவை அகலத் திறந்துவைத்துப் பார்ப்பேன்.

முன்மூடிக்குள் மிதவை அசையாமல் அதே உயரத்தில் நின்றது. பின்மூடிக்குள் வலப்பக்கமும் அப்படியே. இடப்பக்கத்தில் இருந்த சில செல்கள் மட்டும் இறங்கிக்கொண்டு வந்தன. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மறுவாரம் சந்தேகமே இல்லை. ஓட்டுகிறவர் முதுகு சாய்கிற இடத்துக்கு நேர் பின்னால் இருந்த செல்கள் அவை.

இனாயத் அந்த ஜாடிகளில் விரிசல் தேடினான். இல்லை. கம்பிகளைத் தடவிப் பார்த்தான். பிளக் ஆணியில்தான் தொங்கியது. நின்ற இடத்தில், ஒன்றோடும் ஒட்டாமல், அந்த மூலை மட்டும் வற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் சில செல் செத்தாலும் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு விழும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேறு சிலதும் இருந்தன. நான் திறந்துவிட்டுப் போன திரை மறுநாள் காலையில் இழுத்து மூடியிருக்கும். இடது ஓரத்து மெத்தை அழுந்தியிருக்கும். ஒருநாள் கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருப்பது போல் பட்டது. ஏப்ரல் மாதத்தில் எதைத் தொட்டாலும் சூடுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு நாள் கதவைத் திறந்ததும் மரிக்கொழுந்து அத்தர் வாசனை வந்தது. அவர் வெள்ளிக்கிழமைகளில் பூசிக்கொள்வது அது.

ஊரூர் குப்பத்திலிருந்து தேசம்மா மீன் கொண்டுவருவாள். தெருவே காலியான பிறகும் அவள் எங்களுக்காக வந்தாள். ஒரு நாள் கூடையை இறக்கும்போதே கேட்டாள்.

"இன்னா பாயம்மா, நைனா வந்துட்டாரா? ஊட்டுக்குள்ள வராம வண்டிக்குள்ளயே குந்திக்கினு கீறாரே. இன்னா சண்டை?"

யாரும் வரவில்லையே என்றேன். நேற்று பொழுது சாயும்போது ஷெட் பக்கமாகப் போனதாகவும், கதவு இடுக்கில் வண்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகவும் சொன்னாள். இனாயத்தாக இருக்கும் என்றேன். அவனைத் தெரியாதா எனக்கு, இது நல்லா தலை குனிஞ்சு குந்தியிருந்த ஆளு என்றாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள், பேச்சை மாற்றி வஞ்சிர மீன் விலையைச் சொன்னாள்.

அந்த மூலையில் அவர் வந்து உட்காருகிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் அப்படி நினைப்பதற்கு அவர் மௌத்தாகியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர் எப்படி அடையாற்றில் வந்து உட்காருவார்? அதனால் நான் பிடிவாதமாகச் செம்புக்கம்பியையும் ஆசிட்டையும் நம்பினேன். எங்கோ ஒரு கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன். தினமும் அந்த முனைகளைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் புண்.

மாமியாரிடம் கேட்டேன். ஹாஜிரா பீ அதிகம் பேசுகிறவர் இல்லை. "வண்டிக்கு வயசாச்சு, வஜீ" என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் அவர் என்னிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார். நான் கேட்காமலே என் தலையை வாரிவிட்டு எங்கிருந்தோ மல்லிகை வாங்கிவந்து வைத்துவிடுவார். கண்ணுக்கு சுருமா இட்டுக்கொள்ளச் சொல்வார். பிள்ளை உண்டானவள் வெறுமையாக இருக்கக் கூடாது என்பார். மாமனார் போன நாளிலிருந்து அவர் வெள்ளைதான் உடுத்துவார். அதனால் அவரைப் பார்த்து ஒன்றும் கண்டுகொள்ள முடியவில்லை.

சித்திரை பிறந்த சில நாளில், எதிர்பாராமல் ஒரு சாயங்காலம் காற்றும் மழையும் அடித்தது. ஷெட்டின் ஓட்டில் சாக்கைப் போடும்போது இரண்டு ஓடுகள் நகர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர் செல்களின் மேல் சொட்டினால் இத்தனை நாள் துடைத்ததெல்லாம் வீண். அந்தித் தொழுகைக்கு மஃக்ரிபு பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மாமி உள்ளறையில் தொழுகைப் பாயில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருந்தார். இனாயத் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனேன். நான் அதுவரை சாயங்காலத்தில் ஷெட்டுக்குப் போனதே இல்லை.

கதவு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது. திறந்தேன். ஓடு ஒழுகவில்லை. வண்டியின் பச்சைத் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. இடப்பக்கத்துத் திரையின் ஓரத்தில் மட்டும் நூல் அளவுக்கு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

நான் வண்டிக் கதவைத் திறந்தேன். உட்கூரையில் இருந்த சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. இடது ஓரத்து மெத்தை மேல் அவருடைய கறுப்புக் குல்லா. பக்கத்தில் ஒரு தஸ்பீஹ் மாலை, சின்ன அத்தர்ப் புட்டி.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். ஒருவர் மௌத்தானால், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் வரை அவர் இருந்த இடத்தை இருட்டில் விட மாட்டோம். மஃக்ரிபுக்கு விளக்கு வைத்து விடிய விடிய எரியவிடுவோம். போனவரின் ரூஹு, அந்த உயிர், வந்து பார்க்கும், வீடு தன்னை மறந்துவிட்டதென்று எண்ணக் கூடாது என்பார்கள்.

நான் தேடிக்கொண்டிருந்த கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன்.

கை தானாகப் போய் விளக்கின் விசையைத் திருப்பியது. இருட்டியது. திரும்பினால் மாமி ஷெட் வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தார். அவரே சொல்லத் தொடங்கினார். பங்குனித் தொடக்கத்தில் ரங்கூனிலிருந்து நடந்து வந்த ஒரு திருவல்லிக்கேணிக்காரர், நான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் வந்து அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மலைப் பாதையில் காலரா. வழியிலேயே அடக்கம். தொழ வைக்க நான்கு பேர் இருந்தார்களாம், அதுவரைக்கும் பாக்கியம். எனக்குத் தெரிந்தால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று மாமி பயந்தார். வீட்டுக்குள் விளக்கு வைத்தால் நான் பார்த்துவிடுவேன். அவன் செத்த இடம் எதுவென்றே தெரியாது, இந்த வீட்டில் அவன் கடைசியாக உட்கார்ந்தது அந்த ஓரத்தில்தானே என்றார். எண்ணெய் விளக்கு வைத்தால் திரையில் பிடித்துக்கொள்ளும். அதனால் தினமும் அங்கே போய் இந்த விளக்கைப் போட்டு, அவன் குல்லாவையும் மாலையையும் வைத்து, கொஞ்சம் உட்கார்ந்து ஓதிவிட்டு வருவாராம்; விடியும் முன் சுபுஹுக்கு விளக்கை அணைத்து, அவற்றை மெத்தைக்கு அடியில் மறைத்துவிடுவாராம்.

"செல் அழிஞ்சுபோகுதுன்னு நான் அழுதது உங்களுக்குத் தெரியுமே, மாமி."

"நீங்கதான் பிளக்கைப் பிடுங்கி மாட்டியிருக்கீங்களே. அப்புறமும் எரிஞ்சுது. அது பாட்டரி கரண்ட் இல்லை, அல்லா என் பிள்ளைக்காகக் கொடுக்கிற வெளிச்சம்னு நினைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த விளக்குக்குப் பெரிய பிளக்கோடு சம்பந்தமே இல்லை, இடப்பக்கத்துச் சில செல்களிலிருந்து தனியாக ஒரு கம்பி போகிறது என்பதை இனாயத் பிறகுதான் மெத்தையைக் கிழித்துக் கண்டுபிடித்தான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியாது. தெரிந்தவர் சொல்லாமல் போய்விட்டார்.

மாமி பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இடுப்பில் வெட்டியது. நாள் இன்னும் இருந்தது. பனிக்குடம் உடைந்து சேலை நனைந்தபோது மழைதான் என்று முதலில் எண்ணினேன்.

இனாயத் ஓடி வந்தான். சேதியையும் என் நிலைமையையும் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டான். அண்ணனுக்காக அழ அவனுக்கு நேரமில்லை. பிளக்கை மாட்டினான். இனி ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று உட்கூரை விளக்கின் பல்பைக் கழற்றி டார்ச்சில் காட்டினான். பல்பு உட்புறம் கறுத்திருந்தது. ஆட்டினால் உள்ளே அறுந்த இழை கிணுகிணுத்தது.

"இது செத்த பல்பு, பாபி."

இப்போதுதான் எரிந்தது, நான்தான் அணைத்தேன் என்றேன். மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது போன வெள்ளிக்கிழமையே போயிடுச்சு. வேற பல்பு கேட்டா எதுக்குன்னு கேட்பீங்கன்னு சும்மா இருந்தேன். அப்புறம் இருட்டுலதான் உட்கார்ந்து ஓதிட்டு வரேன். இன்னிக்கு நான் ஷெட்டுக்கே வரலை, வஜீ. தொழுகை முடிஞ்சு உன்னைக் காணோம்னு தேடி வந்தேன்."

அடுத்த வலி வந்துவிட்டது. என்னை வலது ஓரத்தில் சாய்த்தார்கள். இனாயத் இடது ஓரத்தில் ஏறப் போனான். மாமி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அது உன் அண்ணன் இடம் என்றார். இனாயத் கெஞ்சினான், அங்கே உட்காராமல் வண்டியை ஓட்ட முடியாது என்றான். மாமி என்னைப் பார்த்தார். பிறகு குல்லாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த மெத்தையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு கண்ணு. தம்பி ஓட்டணும்."

இனாயத் மெத்தையின் நுனியில் உட்கார்ந்தான். முதுகைச் சாய்க்காமலே ஓட்டினான்.

வண்டி சத்தமில்லாமல் வெளியே வந்தது. இருட்டடிப்பு. மழை விட்டிருந்தது. பூட்டிய பங்களாக்களைத் தாண்டி, நாய்கள் தலையைத் தூக்கிப் பார்க்க, நடக்கிற ஆள் வேகத்தில் போனோம். அன்று காலையில் அந்த செல்களின் மிதவை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அது அடியிலேயே கிடந்தது. இந்த வண்டி பாலத்து மேட்டில் ஏறாது என்று இரண்டு வலிகளுக்கு நடுவே நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏறவில்லை. பாலத்தின் பாதியில் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிட்டது. இனாயத் விசையைத் தளர்த்தி பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கீழே ஆறு. கழிமுகத்துப் பக்கம் அலைச் சத்தம் மட்டும். மனித நடமாட்டமே இல்லை. தள்ளுவதற்கு இறங்க மாமி கதவைத் தேடினார்.

அப்போது வண்டியின் இடது பின்புறம் தாழ்ந்தது. ஆள் ஏறினால் எப்படித் தாழுமோ அப்படி. அடியில் ஸ்பிரிங் முனகுகிற சத்தம் கேட்டது. மாமியின் கை கதவிலிருந்து திரும்பி மடிக்கு வந்துவிட்டது. இனாயத் விசையைத் தள்ளினான். வண்டி நகர்ந்தது.

கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் செத்த பாட்டரிக்கும் கொஞ்சம் உயிர் வரும், அதனால்தான் மேடு ஏறியது என்று இனாயத் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அது சரியாகவே இருக்கலாம். பல்பைப் பற்றி மட்டும் அவன் பேசுவதில்லை. அவனும் போய்விட்டான், மாமியும் போய்விட்டார், அந்தச் சாயங்காலத்தைப் பார்த்தவர்களில் நான்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்ததும் வண்டி நின்றது. அதற்குப் பிறகு அது தானாக ஓடவே இல்லை. பிரசவ அறையில் ஓர் ஆங்கிலோ இந்திய நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புருஷன் எங்கே, வெளியே நிற்கிறாரா என்று கேட்டாள். மாமி என் தலைமாட்டில் இருந்தார். அத்தனை நாள் அவர் தனியாகச் சுமந்த சொல்லை மறுபடியும் அவரையே சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மௌத்தாகிவிட்டார்" என்றேன்.

என் வாயால் அந்தச் சொல்லை முதலில் கேட்டது என் காதுதான். விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. தட்டிய பிறகு அழுதது.

காலையில் நர்ஸ் குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துப் போனபோது நான் எழுந்து உட்கார்ந்து கைவளையல்களைக் கழற்றத் தொடங்கினேன். தலையில் முந்தின நாள் மல்லிகை கசங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. புருஷனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டும். அலங்காரம் கூடாது, வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்கென்று மாதக் கணக்கு உண்டு, வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும் பிள்ளை பிறக்கும் வரைதான். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் காலையில் அது எனக்குத் தோன்றவில்லை. துக்கம் இப்போதுதானே தொடங்குகிறது என்று நினைத்தேன்.

மாமி வந்து என் கையைப் பிடித்தார். கழற்றிய வளையலை வாங்கி மறுபடியும் போட்டுவிட்டார்.

"உன் இத்தா ராத்திரியே முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.